கடலைக் காட்டுக்கு ஒரு மழை

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது மின்னல். இடி இல்லை. ஓக்லஹோமாவின் சமவெளியில் எங்கோ வெகுதொலைவில் வெட்டும் மின்னல்கூடச் சமையலறை ஜன்னலுக்கு வந்துவிடும். சத்தம் வழியிலேயே தங்கிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் டேல் காப்பிக் கோப்பையோடு நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். புயல் கிளம்பினால் பிக்கப் வண்டியில் பின்னாலேயே போய்ப் படம் எடுத்து வருவார். இங்கே அப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நண்பர் அவர், வானம்தான் பழக்கிவைத்தது. "மழை வரும் போலிருக்கிறது" என்றார். "வாழ்த்துகள்!" என்று கையை நீட்டினேன். அவர் கை கோப்பையை விட்டு நகரவில்லை. மாடுகளின் குளிர்காலத் தீவனத்துக்காக அறுத்த புல், அவருடைய நிலம் முழுக்கக் காயக் கிடந்தது. நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மாடு முகர்ந்துகூடப் பார்க்காது.

திண்டுக்கல்காரன் செய்யக்கூடிய தவறு அது. மழை வருகிறது என்பவனுக்கு எங்கள் பக்கம் யாரும் அனுதாபம் சொன்னதாக நினைவில்லை. தொண்ணூறுகளில் அங்கே ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். ஐப்பசி பிறந்தால் காலையில் முதல் வேலை, நெய்க்காரப்பட்டி தொடங்கி எரியோடு வரை போன் போட்டு மழையளவு கேட்பது. பெய்யாத ஊரின் பெயரை அச்சிட மாட்டோம், இடம் போதாது. எரியோட்டிலிருந்து லூர்துசாமி என்பவர் அதற்காகப் பஸ் ஏறி வந்து சண்டை போட்டார். "சைபர்னாச்சும் போடுங்கப்பு. ஊர் இருக்கா இல்லையான்னு எங்களுக்கே சந்தேகமாயிருக்கு." பிறகு அவரே என் அக்காவைக் கட்டிக்கொண்டு மச்சானானார்.

டேலிடம் கை நீட்டிய அந்த இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் ஊரில் மழை தள்ளிப்போயிற்று. மச்சானின் மானாவாரிக் கடலை முற்றி நின்றது. செம்மண் இறுகிவிட்டால் பிடுங்கும்போது கொடி மட்டும் கையோடு வரும். கடலை மண்ணுக்குள்ளேயே அறுந்து தங்கிவிடும். மறுநாள் காலை ஆட்கள் வருகிறார்கள். கிணற்றில் கிடந்த கடைசித் தண்ணீரைப் பாய்ச்சினால் காடு இளகும். ஆனால் மாடுகளுக்கும் வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான். மோட்டார் ஓடுவதற்கான மும்முனை மின்சாரமோ அங்கே மாலை ஆறு மணிக்குப் போய்விடும். எனக்கு விடியப்போகிற அந்த நேரம் அவர்களுக்குச் சாயங்காலம். வேலியிலிருந்து உள்ளே வந்ததும் மச்சானின் போன்.

"மாப்ள, அமெரிக்காவுலருந்து பாத்தா எங்க வானம் தெரியுதாம்ல. சொல்லு, மோட்டாரைப் போடவா, வேணாமா?"

"செத்த நேரம் பொறுங்க மச்சான்."

"நீ பொறுப்ப. கரண்டு பொறுக்குமா?"

செயற்கைக்கோள் படத்தில் நத்தத்துக்கு மேல் ஒரு வெள்ளைத் திட்டு. படம் பழசு, மேகம் அதற்குள் எங்கே போயிருக்குமோ. இணையத்தில் எங்களைப் போன்ற மழைப் பைத்தியங்களுக்கு ஒரு குழு இருந்தது. அதில் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து எழுதுபவர் காதர் பாய். பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வாடிக்கையாளர்களைக் காக்கவைத்துவிட்டு மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்து, இறங்கி வந்து தட்டுவார். "சிறுமலை மறஞ்சிருச்சு. மேகம் வடக்க திரும்புது. மறுபடி மாடிக்குப் போறேன்." அடுத்த வரி வரும்வரை ஜன்னலைப் பார்த்தேன். திரையில் ஒரு வெள்ளை, கண்ணாடியில் ஒரு கருப்பு. ஒன்று வர வேண்டும், ஒன்று விலக வேண்டும். இரண்டும் ஒரே காற்றில் மிதப்பதுபோல இருந்தது. எந்த வானத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் தெளிவாக இல்லை.

பாயின் வரி வந்தது. "எரியோட்டுப் பக்கம் இருட்டிருச்சு. இன்ஷா அல்லா."

"போடாதீங்க மச்சான். வரும்."

அவர் போனை வைக்கவில்லை. "கரண்டு போச்சு மாப்ள. இனி நீயாச்சு, உம் மேகமாச்சு" என்றார். பிறகு தகரத்தில் ஒரு தட்டு. இடைவெளி. இன்னொன்று. தூரத்தில் அக்கா, "விறகை உள்ள தூக்கிப் போடுங்க, போன் எங்கயும் ஓடிறாது" என்று கத்தினாள். மோட்டார் ரூம் கூரையின் கீழ் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார் போல. கூரை மொத்தமும் என் காதில் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மழை வெறித்ததும் சொன்னார்: "ஒரு செடி பிடுங்கிப் பாத்தேன். அம்புட்டும் கொடியோட வருது மாப்ள."

வெளியே வந்தபோது விடிந்திருந்தது. கருப்பு வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. டேல் சிரித்தபடி வேலியருகே வந்தார். "நம்மைத் தொடாமலே போய்விட்டது" என்றார்.

"நல்ல மழை" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளங்கையை மேலே நீட்டிப் பார்த்தார். என் கார் மேல் படிந்திருந்த தூசி கலையாமல் இருந்தது.