யாரோ ஒரு தாயின் பனிக்குடம்

எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியோரம் எங்களுக்கு ஓர் இறால் குட்டை இருக்கிறது. போன கோடையில் குஞ்சு விடுவதற்கு முன், காய்ந்த குட்டையில் என் கணவர் சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டிருந்தார். கண்ணாடி போடச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்? காற்று திடீரென்று திரும்பி, தூளை வலது கண்ணில் அடித்தது.

குடத்தோடு ஓடினேன். அவரோ கண்ணைப் பொத்திக்கொண்டு, "தண்ணி ஊத்தாதடி! கொதிச்சி கண்ணு வெந்துடும்!" என்று கத்தினார். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவே எமனாக வந்தது. மாமியார் தேங்காய் எண்ணெய் விட்டார். கொழுந்தனின் குட்டியானை லோடு வண்டியில் புறப்பட்டால், செக்போஸ்ட் பக்கம் லாரிகள் வழிவிடவில்லை. அவர் என் மடியில் துடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கும்மிடிப்பூண்டியில் பார்த்த டாக்டரம்மா எண்ணெயைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் இருக்கிற ஈரமே சுண்ணாம்பைக் கொதிக்க வைக்குமாம். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் தப்பிக்குமாம். பாட்டில் பாட்டிலாக மருந்துநீர் ஊற்றிக் கழுவி, சென்னைக்கு அனுப்பினார்.

விழியின் மேலும் இமைக்கு உள்ளேயும் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, கண்ணை ஈரமாகக் காப்பது அதுதான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அது வெந்துபோயிருந்தது. அப்படியே விட்டால் இமை விழியோடு ஒட்டிக்கொள்ளும், பார்வையும் போகலாம் என்றார்கள். பிரசவத்தின்போது ஒரு தாய் மனமுவந்து கொடுத்த பனிக்குடச் சவ்வைக் கண்ணின் மேல் வைத்துத் தைத்தால், அதன் அடியில் புண் ஆறும் என்றார்கள்.

நஞ்சுக்கொடியையும் பனிக்குடத்தையும் அந்நியர் பார்க்காமல் புதைப்பது எங்கள் குடும்ப வழக்கம். மாமியார் பதறிவிட்டார். "இன்னாடா இது? யாரோ பெத்த புள்ளையோட பனிக்குடத்த எட்தாந்து உன் கண்ணுல வெக்கறதா?"

"யம்மா, சும்மா இரு. இன்னா வெச்சாலும் சரி, எனக்குக் கண்ணு தெரிஞ்சா போதும்" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த பயத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

சவ்வை வைத்துத் தைத்துக் கட்டுப் போட்டபின் காத்திருந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. கட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒருநாள் டாக்டர் கட்டைப் பிரித்து, நல்ல கண்ணை மூடச் சொன்னார். என் கணவர் வலது கண்ணால் என்னையே உற்றுப் பார்த்தார். "இன்னாடி, இப்டி எளச்சிட்ட?" என்றார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்தத் தாய் யார் என்று கேட்டேன். சொல்லக்கூடாதாம். இப்போதெல்லாம் சென்னை ரயிலில் கைக்குழந்தையோடு யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறேன், அவளாக இருந்தாலும் இருக்கலாம் என்று.