சிப்பிக்குப் பழம் ஊட்டியவர்

என் மகள் இறந்த சில வாரங்களுக்குப் பின், நெய்வேலியில் எங்கள் பிளாக் பூங்காவின் வாசலில் அவரைக் கண்டேன். நரைத்த மீசை, முழங்கையில் தொங்கும் ஹெல்மெட். சுரங்கத்துக்குப் போகும் ஷிப்ட் பஸ் வருவதற்குள், நாள்தோறும் கைபேசியைப் பூங்காவின் பக்கம் நீட்டி எதையோ தடவிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் என்னவென்று கேட்டேன்.

“சண்டை போடுற கேம் சார். இந்தப் பார்க்குக்குக் காவலா ஒரு சிப்பி நிக்குது பாருங்க. பழம் குடுக்கலைன்னா சோர்ந்துடும், எதிர் டீம்காரன் அடிச்சுத் தொரத்திடுவான்.”

திரையில், இறுகிய ஓட்டின் இடுக்கில் இரண்டு கண்கள். கீழே ‘அப்பா’ என்று பெயர். அதற்கும் கீழே, அதை அங்கே நிறுத்தியவரின் பெயர்: என் மகள் விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்டது.

“உங்களுடையதா?”

“இல்லீங்க, எங்க டீம்ல யாரோ ஒரு பொண்ணு. அவங்கப்பா வாயே தொறக்க மாட்டாரு போல, சிப்பிக்கு அந்தப் பேரை வெச்சிருக்குது.” சிரித்தார். “இப்பல்லாம் அந்தப் பொண்ணைக் காணோம். அதான் நான் பாத்துக்கினு இருக்கேன்.”

“என் மகள்,” என்றேன். “இறந்துவிட்டாள்.”

அதுவரை எவரிடமும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் சிப்பிக்கு இன்னொரு பழம் ஊட்டினார். பஸ்ஸில் ஏறும்போது திரும்பி, “என்னைக்காவது தோத்துச்சுன்னா நேரா உங்க பொண்ணு போனுக்குத்தான் வரும் சார். அணைச்சு வெச்சிராதீங்க,” என்றார்.

மகளின் கைபேசியை அன்றுமுதல் சார்ஜ் தீராமல் வைத்திருந்தேன். ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலிசெய்த நாள்வரை சிப்பி திரும்பி வரவில்லை. அத்தனை நாளும் அவர் அதற்குப் பழம் ஊட்டியிருக்கிறார்.