கிழங்கு இல்லாத சரிவு

பெரியவள் இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிப்பவள். காட்டிலிருந்து இறக்கிவிடப்பட்ட அவள் சனத்துக்கு அடிவாரத்தில் கொடுத்த தகர வீடுகளில் ஒன்றில் அம்மாவோடு இருந்தாள். அம்மாவைக் குளிப்பாட்டுவதும் அவள்தான், திட்டு வாங்குவதும் அவள்தான்.

ஆறு வயதில் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்ட தங்கை, நாற்பத்தொரு வயதில் திரும்பி வந்தாள். அங்கே சொந்த மொழி பேசினால் அடி விழும், மொழியே மறந்துபோயிருந்தது. இப்போது கையில் ஒரு நோட்டோடு, "இதுக்கு நம்ம மொழியில என்னம்மா?" என்று எறும்பு முதல் இடி வரை கேட்டாள். அம்மா மடை திறந்தாற்போலப் பேசினாள். பேசிக்கொண்டே சின்னவளின் தலையைக் கோதிவிட்டாள்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன் தலையை அம்மா எப்போது தொட்டாள்? அக்கம்பக்கமும் "மண்ணைத் தேடி வந்த மகராசி" என்று சின்னவளையே கொண்டாடியது. மண்ணை விட்டு நகராதவளை யார் கண்டார்கள்!

ஒரு காலை தங்கை கேட்டாள். "அக்கா, அம்மா சொன்ன கிழங்கு எங்க கிடைக்கும்?"

ஓடைக்கரையில் என்று பெரியவளுக்குத் தெரியும். "மேற்குச் சரிவுல தோண்டு" என்றாள், கூசாமல்.

சாயங்காலம் சின்னவள் கொப்புளித்த உள்ளங்கைகளோடு வந்தாள்.

"மேற்குலயா? அங்க வெறும் கல்லுதானே. எவ சொன்னா?" என்றாள் அம்மா.

பெரியவள் தலை குனிந்தாள். சின்னவளுக்கு விளங்கிவிட்டது. சொந்த மொழியிலேயே திட்ட வாயெடுத்தாள். நோட்டில் பறவை இருந்தது, மழை இருந்தது. வசவு ஒன்றுகூட இல்லை. தடுமாறி, கிடைத்ததை வீசினாள்: ஈர எறும்பே!

அம்மா பொக்கை வாயால் சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வெடித்து, அழுகையாக முடிந்தது.

"எனக்கு வயித்தெரிச்சல்டி. அதான் அப்படிச் சொன்னேன்."

"எனக்கு மட்டும் இல்லையா? அம்மா உன்னைத் திட்டுறதெல்லாம் உனக்குப் புரியுதே. முப்பத்தஞ்சு வருஷம் எனக்குத் திட்டக்கூட ஆளில்லக்கா."

பெரியவள் நோட்டை வாங்கி, நல்ல காரமான வசவுகளாக ஏழு எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் லீவு போட்டு ஓடைக்கரைக்குக் கூட்டிப் போனாள். கையில் கொப்புளம் உள்ளவளை உட்காரவைத்துவிட்டு, தானே மண்ணைக் கிளறினாள். வேகவைத்த கிழங்கைத் தின்ற அம்மா, "சின்னவ கொண்டுவந்தது, ருசியே தனி" என்றாள்.

பெரியவளுக்கு மறுபடி சுருக்கென்றது.

"தோண்டினது அக்கா" என்றாள் தங்கை, அவர்கள் மொழியில், பிழையில்லாமல்.