சொந்த ஊர் கேட்ட பெட்டி

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் மெஷின்களுக்கு எண்ணெய் விடுவது மூக்கன் வேலை. மற்ற நேரத்தில் ரேடியோ ரிப்பேர். சிலோனில், பதுளைத் தோட்டங்களில் தன் கைபடாத மெஷினே இல்லை என்பான். "கைபட்டதெல்லாம் இப்ப ஓடுதாமா?" என்பாள் மனைவி பாலாமணி.

கேன்டீன் பக்கத்தில் பூட்டிக் கிடந்த அறையில் கடை போட வேண்டும். அவனுக்கு அது ஒன்றுதான் ஆசை. தொழிலாளர் லயத்து வீட்டில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஈயம் உருக்கி மாளவில்லை.

எஸ்டேட் மேனேஜர் துரை லண்டனிலிருந்து டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் பெட்டி வாங்கி வந்திருந்தார். அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பிய கார் ரேஸ் கேசட்டைச் செருகினால் திரை அணைந்து அணைந்து எரிந்தது. கொழுந்து அழுகினாலும் கலங்காத துரைக்குத் தூக்கம் போயிற்று.

"ஓட வச்சிரு மூக்கா, அந்த ரூம் உனக்குத்தான்."

"ஈரம் ஏறிப்போச்சுங்க துரை."

மலையில் எது கெட்டாலும் பனிதானே குற்றவாளி! பெட்டியை ஃபேக்டரி மாடியில், கொழுந்து வாட்டும் தொட்டியில் சூடான காற்றுக்கு வைத்தான். மறுநாளும் திரை சிமிட்டியது. பெட்டியில் மட்டும் பச்சைக் கொழுந்து வாசம்.

"வாடிருச்சு. இனி அரைச்சுத் தூளாக்குங்க," என்றாள் பாலாமணி.

கேசட்டைக் கவ்வும் ஊசிகளையும் மாற்றிப் பார்த்தான். வீண். ஆனால் பெட்டியோடு வந்த லண்டன் கேசட் மட்டும் ஒழுங்காக ஓடியது. அப்போதுதான் பிடிபட்டது: பெட்டிக்குள் ஒரு சிப், கேசட்டுக்குள் ஒரு சிப், இரண்டும் ஒரே நாடு என்றால்தான் ஆட்டம். தலைமன்னாரில் கப்பலேற பாஸ்போர்ட் காட்டி, இக்கரை வந்து மண்டபம் முகாமில் மறுபடி காட்டி வந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிப்பின் கால்களை ஒவ்வொன்றாக ஈயம் இளக்கித் தூக்கிப் பார்த்தான். ஒரு காலைத் தூக்கியதும் கேள்வி நின்றது, கார் ஓடியது.

துரை ஆபீஸ் பக்கமே போகவில்லை. அறையைப் பற்றிக் கேட்டபோது திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "அது இந்த ஊர்க்காரங்களுக்குத்தானாம்ப்பா. நீ சிலோன்காரனாச்சே."

"அங்க எங்கள இந்தியாக்காரன்னாங்க துரை."

"அப்படியா? பேச்சுக் கொடுக்காதே, கார் முட்டுது."

"சரிங்க. ஒருக்கா உள்ள தூசி தட்டித் தந்துர்றேன்."

தூசி தட்டியதோடு சிப்பின் காலையும் பழையபடி ஒட்டிவைத்தான். சாயங்காலமே பங்களாவிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போனது.

"என்னடா இது, மறுபடியும் சிமிட்டுது?"

"பெட்டி சொந்த ஊர் கேக்குதுங்க துரை. கேசட்டு அமெரிக்காக்காரனாச்சே."

மறுநாள் அறைச் சாவி வந்தது. மூக்கன் சிப்பின் காலை மறுபடி தூக்கிவிட்டான்.

"ஒரேயடியா வெட்டி எறியலயா?" என்றாள் பாலாமணி.

"சாவியத் திருப்பிக் கேட்டா?"