கூடைக்குள் திரும்பிய சக்கரங்கள்

நாற்பது வயதில் ஒரு பெண்ணுக்கு ரிமோட் கார் எதற்கு என்று கேட்டால், ஒரு பஸ் பயணத்தைத்தான் காரணமாகச் சொல்வேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு காய்ந்த குளத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பந்தயம் விட்டுக்கொண்டிருந்ததை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு சின்ன வண்டி வளைந்து போனது. அதைப்போல ஒன்றை நானே கட்ட வேண்டும் என்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் முன்பகுதியில் கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். பின்அறையில், நூல் மூட்டைகளுக்கு நடுவே எனக்கு ஒரு மேசை. கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்புகள் மட்டும் எடுப்பதால் காலை நேரம் என்னுடையது. அலுமினியத் தகட்டை அறுத்து அடிச்சட்டம் செய்தேன். தறியில் கழித்துப்போட்ட பேரிங்குகளில் இரண்டு அளவாகப் பொருந்தின. மோட்டாரும் ரேடியோ சில்லுகளும் ஆன்லைனில் வந்தன. ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் அமைத்தேன். அதற்கான புரோகிராமை மட்டும் இணையத்தில் ஒருவர் பாடமாகப் போட்டிருந்ததிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வண்டி ஓடத் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தெருவில் தறிகள் நிற்கிற நாளில் காதுக்குள் ஏதோ அடைத்ததுபோல இருக்கும். அந்த அமைதியில், பின்அறையிலிருந்து கிர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

கணவர்தான் முதலில் கேட்டார். "ஏட்டி, உன் மேசையில எலி ஏறிட்டு போல."

போய்ப் பார்த்தேன். வண்டியை அணைக்க மறந்திருந்தேன். ஆனால் ரிமோட் அணைந்துதான் கிடந்தது, பேட்டரிகூட அதில் இல்லை. வண்டியின் முன்சக்கரங்கள் மெதுவாக இடதுபக்கம் திரும்பின. சற்று நேரம் அப்படியே நின்றன. பிறகு நேராகி, மறுபடி இடதுபக்கம் திரும்பின. எதையோ தேடுகிறவர் தலையைத் திருப்புவதுபோல இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கோளாறு என்றுதான் நினைத்தேன். பற்றவைத்த இடங்களையெல்லாம் புதிதாகப் பற்றவைத்தேன். ரேடியோவுக்கு வேறு வயர் போட்டேன். மறுநாள் மேசையருகிலேயே உட்கார்ந்திருந்தபோது, பதினொரு மணிவாக்கில் மறுபடியும் அதே கிர்ர். அதற்கு மறுநாளும் அதே நேரம். தறிச் சத்தத்தில் இத்தனை நாள் எனக்குக் கேட்காமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருநாள் வண்டியைத் தரையில் வைத்துவிட்டு நூல் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தேன். அது மூன்றடி முன்னால் வந்து என் காலருகே நின்றது. பின்னால் போகவில்லை. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

வண்டிக்கு வருகிற கட்டளைகளை லேப்டாப்பில் எண்களாகப் பதியவிட்டேன். யாரும் தொடவில்லை என்றால் ஒரே எண் வந்துகொண்டிருக்க வேண்டும். எண்கள் மெல்ல ஏறின, நடுங்கின, முழு அளவைத் தொடாமலே இறங்கின. இடைவெளி விட்டு மறுபடி ஏறின. நேரம் போகப்போக ஒவ்வொரு ஏற்றமும் குட்டையாகிக்கொண்டே வந்தது. கோளாறுக்குக் களைப்பு வராது. இது ஒரு மனிதக் கை.

அதன்பிறகுதான் புத்தி வந்தது. அந்தப் பாடத்தில், ரிமோட்டும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் காண ஐந்து எண்கள் கொண்ட ஒரு முகவரி இருந்தது. அதை மாற்றாமலே நான் பயன்படுத்தியிருந்தேன். இந்த ஊரில் இன்னொருவரும் அதே பாடத்தைப் பார்த்து, அதே எண்களோடு ஒரு ரிமோட் செய்திருக்கிறார்.

முகவரியை மாற்றிவிட்டால் என் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கை யாருடையது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. வண்டியின் ஆன்டெனாவைக் கழற்றினேன். இனி மிக அருகில் இருந்து வருவது மட்டுமே அதற்குக் கேட்கும். கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, பதினொரு மணிக்குக் கிளம்பினேன். சந்தைக்குப் போகிறவள் மாதிரி தெருத்தெருவாக நடந்தேன். இரண்டு தெருவரை அசைவில்லை. மூன்றாவது தெருவில் துண்டு லேசாக அசைந்தது. கூடைக்குள் கோழி இருப்பதுபோலக் கையில் அதிர்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே ஒரு பச்சைக் கதவு வீட்டுக்கு முன்னால் வந்தபோது சக்கரங்கள் கூடையை விடாமல் பிராண்டின.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டபடி கதவைத் திறந்தார். வீட்டில் யாராவது ரிமோட் வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே வரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

அவர் கணவர் வளைகுடாவில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவர். வீட்டோடு இருந்தபோது பொழுதுபோக்காக ஒரு ரிமோட் கார் கட்டினார். போன வருடம் பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்துபோயிற்று. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், அந்த வண்டியைக் குப்பை என்று நினைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார் இந்த அம்மா. விரலுக்குப் பயிற்சியாக டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவர் தொடவே இல்லை. மிஞ்சியிருந்த ரிமோட்டைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"வண்டி ஓடுதுங்கிறாக. எங்க ஓடுதுன்னு கேட்டா தெரியலங்கிறாக. பள்ளிவாசல் ஹஸ்ரத்தக் கூட்டியாந்து ஓதிக்கூடப் பாத்துட்டோம்மா," என்றார் அந்த அம்மா.

உள்அறையில் அவர் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ரிமோட். அதன் மூலையில் ஒரு சிறு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று புரிந்தது. இந்த ரேடியோ சில்லுகளில் கட்டளை போய்ச் சேர்ந்தால், வாங்கிய வண்டி பதில் அனுப்பும். பதில் வந்தால் எரியும்படி அவர் விளக்கு வைத்திருக்கிறார். என் பின்அறையில் அந்தச் சக்கரங்கள் திரும்பிய ஒவ்வொரு முறையும் இங்கே இவருக்குப் பதில் வந்திருக்கிறது. அவர் புத்தி கலங்கவே இல்லை.

அந்த அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினேன். பெரியவர் ரிமோட்டின் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளினார். வண்டி முன்னால் போய்க் கட்டில்காலில் முட்டி நின்றது. சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார்.

"இது இல்ல."

"என்னது இல்ல?" என்று மனைவி குனிந்து கேட்டார்.

"என் வண்டி. இது இல்ல."

முகவரியை மாற்றட்டுமா என்று கேட்டேன். மாற்றிக்கொள்ளும்படி கையைக் காட்டினார். அவர் அவ்வளவு எளிதாகச் சம்மதித்தது எனக்கு உறுத்தியது. ஆனால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளின் பந்தயத்துக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன், அது நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே மாற்றினேன். மறுநாள் பதினொரு மணிக்கு மேசையருகே காத்திருந்தேன். சக்கரங்கள் அசையவில்லை. அவர் அங்கே எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து, மதியச் சோற்றைத் தொடாமலே மூடிவைத்தேன்.

பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே ஸ்டியரிங் கம்பி ஒடிந்து போயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள், அது போதும் என்று வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "ஏம்மா, உன் வண்டிய இன்னும் மாத்தலையா?"

அன்றே மாற்றிவிட்டதாகச் சொன்னேன்.

"லைட்டு எரியுதே," என்றார்.

என் வண்டி மேசைமேல் கிடந்தது, பேட்டரி தனியாகக் கழன்று. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். கட்டிலில் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்கு எரிந்தது. சில நேரம் மினுங்கியது, தூரத்தில் இருக்கிற ஏதோ ஒன்று விலகுவதும் நெருங்குவதும்போல. முன்பு போல அவர் சும்மா அழுத்தவில்லை. சற்று இடது, நிறுத்தம், மெதுவாக முன்னால் என்று, பாதையைக் கண்ணால் பார்த்து ஓட்டுகிறவர்போல ஓட்டினார்.

பழைய இரும்புக்கடையில் யாராவது அந்த வண்டியை வாங்கிப் பேட்டரி போட்டிருக்கலாம் என்றேன். அல்லது அதே பாடத்தைப் பார்த்து மூன்றாவதாக ஒருவர் கட்டியிருக்கலாம். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் தெருப்பக்கம் இருந்த ஜன்னலை எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

என் கூடை, ரிமோட் இருக்கிற வீட்டைக் காட்டுமே தவிர வண்டி இருக்கிற இடத்தைக் காட்டாது. என்றாலும் தேடிப் பார்க்கட்டுமா என்று பெரியவரிடம் கேட்டேன்.

"வேண்டாம். அதுவே வருது," என்றார்.

டீ குடிக்கும்வரை இருந்துவிட்டு, அந்த வண்டி எதிரே வந்துவிடுமோ என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தேன்.