வௌவால்களுக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரிச் சனிக்கிழமை. சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரையில் நடந்தது இது.

அந்தக் கரையின் உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும். நாற்றமும் இரைச்சலும் தாங்காமல் நகரசபைக்கு முறைப்பாடு செய்தவர்களில் நானும் ஒருத்தி. அதன்பின் ஒருநாள் எங்கள் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியை.

பிரான்சின் தெற்கே ஒரு சிறிய ஊரில் பேக்கரிக்காரரின் மகளாகப் பிறந்தவர். தேவாலய மணிக்கூண்டில் தொங்கிய வௌவால்களைப் பார்த்துப் பார்த்தே உயிரியல் படிக்கப் போனாராம். ஓராண்டு ஆய்வுக்கென்று சிட்னிக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இங்கேயே கற்பித்து, ஓய்வுபெறும் வயதையும் எட்டிவிட்டிருந்தார். எங்கள் வீட்டில் தேநீர் குடித்தபடி இவ்வளவையும் சொன்னார். முறைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டிவிட்டால் வௌவால்கள் மூச்சிரைத்து விழத் தொடங்கும். முந்தைய ஒரு கோடையில், இதே மரங்களின் கீழே இறந்து கிடந்த குட்டிகளை அவர் கையால் பொறுக்கியிருக்கிறார். அவை தவிக்கத் தொடங்குமுன்பே, தள்ளி நின்று, தூறல்போல நீர் தெளித்தால் காப்பாற்றலாம் என்பது அன்றுமுதல் அவருடைய வாதம். மற்ற நிபுணர்கள் ஏற்கவில்லை. மனிதர் கிட்டப் போனால் அவை மிரண்டு பறக்கும், அந்த வெயிலில் பறந்தாலே செத்துப்போகும் என்றார்கள். நெடுநாள் வாதாடி, அந்தக் கோடையில் ஒரே ஒரு நாளுக்கு நகரசபையிடம் அனுமதி வாங்கியிருந்தார். அது தவறினால் இனி யாரையும் மரங்களுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள்.

அந்த ஒரு நாளான சனிக்கிழமை காலையிலேயே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. வெயிலில் ரயில்கள் தடைப்பட்டதால் அவருடைய மாணவர்களில் பெரும்பாலானோர் வந்து சேரவில்லை. வந்த சிலரால் முழு மரக்கூட்டத்துக்கும் நீர் தெளிக்க முடியாது. என் கதவடிக்கு வந்து, உதவக்கூடிய ஆட்கள் யாராவது தெரியுமா என்று கேட்டார்.

எனக்கு எங்கள் கோவிலின் தண்ணீர்க் குழு நினைவுக்கு வந்தது. தேர்த் திருவிழாவில் வெறுங்காலோடு வடம் இழுப்பவர்களுக்குத் தார் வீதி சுடக்கூடாதென்று, முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் போகிறவர்கள். குழுவின் பொறுப்பாளரான அங்கிளை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன, வௌவாலுக்கு அபிஷேகமோ?" என்று சிரித்தார். "சரி பொறு, பெடியளோட வாறன்."

அவர் பெடியள், அதாவது பையன்கள், என்றவர்களில் இளையவருக்கே நாற்பது வயதிருக்கும். தெளிப்பான்களோடும் தண்ணீர்ப் பீப்பாய்களோடும் வந்து இறங்கினார்கள். நோய் தொற்றலாம் என்பதால் வௌவாலைத் தொடக்கூடாது, தடுப்பூசி போட்ட மாணவர்கள் மட்டுமே தொடலாம் என்றார் பேராசிரியை. மரத்தடிக்குப் போகக்கூடாது. சத்தம் கூடவே கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெப்பம் தாங்காமல் வௌவால்கள் தாழ்ந்த கிளைகளுக்கு இறங்கியிருந்தன. முதல் நீர்த்தூறல் மேலே போய் வெயிலில் மின்னியது. குழுவில் ஒருவர், பழக்கதோஷம், வாய்விட்டு "அரோகரா" என்றார். இன்னும் இரண்டு பேர் தங்களை அறியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

மரங்கள் அப்படியே எழும்பியதுபோல் இருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்ட குட்டிகளோடு வௌவால்கள் வானத்தை மறைத்துச் சுற்றின. நிபுணர்கள் எச்சரித்தது எங்கள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. பேராசிரியை யாரையும் திட்டவில்லை. ஒரு கையை உயர்த்தினார். தெளிப்பான்கள் நின்றன. நாங்கள் கண்ணிமைக்கவும் பயந்து நின்றோம். முதலில் ஒன்று வந்து கிளையைப் பிடித்தது. பிறகு நாலைந்து. பிறகு கூட்டமாக இறங்கின.

அங்கிள், சத்தம் போட்டவரின் காதோரம் போனார்.

"முருகனுக்குக் கேட்டிட்டுது. இனி வாய் திறந்தா நீ வீட்ட போ."

அதன்பின் பேச்சே இல்லை. தேரை நிறுத்தவும் திருப்பவும் தோளில் கிடக்கும் துவாயை உயர்த்திச் சைகை காட்டுவது எங்கள் வழக்கம். அங்கிள் அதையே இங்கும் செய்தார். சற்று நேரத்தில் பேராசிரியை அந்தச் சைகைகளைப் பிடித்துக்கொண்டு, துவாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இடப்பக்கம் காட்டினால் இடப்பக்கத்து மரங்களில் தூறல் விழும். தாய் வௌவால்கள் நனைந்த சிறகை நக்குவதும், மெல்ல விசிறுவதும் தெரிந்தன. தலைசுற்றிய ஒருவரை என் குசினியில் கொண்டுவந்து இருத்தி, ஐஸ் கொடுத்துத் திரும்ப அனுப்பினேன். எங்கள் ஆட்கள் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாலையில் தெற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மாணவர்கள் மரத்தடியெங்கும் தேடினார்கள். வயதான வௌவால்கள் சில விழுந்திருந்தன. குட்டி ஒன்றுகூட இல்லை. பேராசிரியை நம்பவில்லை, இன்னொரு தடவை தேடச் சொன்னார். தேடினார்கள். இல்லை. அவர் ஓடைக்கரைப் புல்லில் அப்படியே உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து, நகரத்தில் ஒரு மண்டபத்தில் அந்த நாளைப் பற்றி அவர் பேசினார். எதிர்த்த நிபுணர்களும் வந்திருந்தார்கள். அங்கிளுக்கும் எனக்கும் முன்வரிசை. பேராசிரியை காட்டிய முதல் படத்தில் தப்பிய குட்டிகள் இல்லை. மிரண்டு வானத்தில் சுற்றிய வௌவால் கூட்டம் இருந்தது. இந்த நிபுணர்கள் பயந்தது சரிதான், அன்று நாங்கள் தோற்கப் பார்த்தோம் என்று தொடங்கினார்.

"எங்கட மானம் போச்சு," என்று முணுமுணுத்தார் அங்கிள்.

பிறகு பேராசிரியை மிச்சத்தைச் சொன்னார். பேசி முடித்தபோது முதலில் எழுந்து கைதட்டியவர்கள் அவரை எதிர்த்தவர்கள்தான். இப்போது கடும் வெயில் வரப்போகிறதென்றால் எங்கள் குழுவை நகரசபையே அழைக்கிறது.

வென்று நிற்கும் நேரத்தில், எதிர்த்தவர்கள் எந்த இடத்தில் சரியாக இருந்தார்கள் என்பதை முதலில் சொன்ன ஒருவரை அதற்குமுன் நான் கண்டதில்லை. வேலையிடத்திலோ வீட்டிலோ ஒரு வாதத்தில் நான் ஜெயிக்கப்போகிறேன் என்று தெரியும்போது, அந்த முதல் படம் என்னை ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் பேச விடுகிறது.