குசினி வாசலைப் பார்த்த மீன்கள்

எங்கள் வீடு உட்துறைமுகக் கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வந்து ஊதினால் முன்னறையில் இருந்த கண்ணாடித் தொட்டி மெல்ல அதிரும். உள்ளே இருந்த செவரம் மீன்கள் இரண்டும் செட்டையை ஒடுக்கிக்கொண்டு கல்லுக்குப் பின்னால் போய்விடும். தென்னமெரிக்க ஆற்று மீன்கள் அவை. விரித்த கையளவுக்கு வளர்ந்து, வட்டமாக, பழுக்கத் தொடங்கிய வெற்றிலையின் நிறத்தில் இருந்தன. அந்தப் பருமனுக்கு அவ்வளவு சாது. கூட விட்டிருந்த சின்ன மீன்களை ஒருநாளும் துரத்தியதில்லை.

குஞ்சாக இருந்தபோது பொலித்தீன் பையில் வைத்து, கொழும்பிலிருந்து ரயிலில் மடியில் தாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"கடலுக்குப் பக்கத்தில குடியிருந்துகொண்டு, கொழும்புக்குப் போய் மீன் வாங்கின ஆள் இந்தத் திருகோணமலையில நீங்கள் ஒருத்தர்தான்."

"இது கறிக்கில்லை."

"அது பாக்கவே தெரியுது. சட்டி கழுவுற கூலிக்கும் காணாது."

தொட்டியின் இரும்புச் சட்டத்தைத் துறைமுகப் பட்டறைக்காரர் ஒருவர் ஒட்டித் தந்தார். மற்றதெல்லாம் என் ஒழுங்கு. குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் ஒருநாள் ஆறவிட்டு, ஞாயிறுதோறும் தொட்டியில் கால்பங்கை எடுத்து அந்த அளவுக்கே ஊற்றுவேன். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் எங்கள் கிணறு உவர்த்துப்போகும் என்பதால் கிணற்றுத் தண்ணீர் விடுவதில்லை.

தீனி கொடுப்பது மட்டும் சீக்கிரமே மனைவியின் வேலையாயிற்று. செவரத்துக்குக் கீரை பிடிக்கும். அவள் கங்குன் கொழுந்தைச் சுடுநீரில் வாட்டி எடுத்துக்கொண்டு, விளக்கேற்றும் நேரத்தில் குசினியிலிருந்து வருவாள். இடது முழங்கால் அவளுக்கு மடங்காது. பாதி வழியில் மேசை விளிம்பைப் பிடித்துச் சற்று நிற்பாள். பிறகு வந்து தொட்டியருகே பிரம்புக் கதிரையில் அமர்வாள். மீன்கள் கண்ணாடி ஓரமாக அவளோடு கூடவே வந்து, விரலிலிருந்து வாங்கித் தின்னும்.

ஒரு வருடம், மாரிமழை தொடங்குவதற்கு முன், சில நாள் காய்ச்சலில், பெரியாஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள்.

சாவு விழுந்த வீட்டில் தேங்கி நின்ற தண்ணீரை வைத்திருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். குடம், வாளி, கேத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். மீனுக்கு ஆறவைத்திருந்த பீப்பாயும் வாய்க்காலுக்குப் போயிற்று. தொட்டியைக் கண்டு மட்டும் தயங்கினார்கள். திரியாயிலிருந்து வந்திருந்த என் தங்கை அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டாள்.

"இதை அந்தியேட்டியோட ஊத்துவம். மீனை அண்ணை கொண்டுபோய்க் கந்தளாய்க் குளத்தில விடுவார்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்தால் உயிர் வீட்டை விட்டுப் போய்விடும் என்பார்கள். அதுவரை தங்கை என்னோடு தங்கினாள்.

விரிப்பை நான் மறுநாளே எடுத்துவிட்டேன். அன்று மாலை என் மனைவியின் படத்துக்கு முன் தங்கை விளக்கேற்றியபோது, மீன்கள் இரண்டும் குசினி வாசலைப் பார்த்துத் திரும்பின. பிறகு கண்ணாடி ஓரமாக மெல்ல நகர்ந்து, மேசைக்கு நேரே வந்து நின்றன. சற்றுக் கழித்து மறுபடி நகர்ந்து, கதிரைப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தன.

நான் காரணம் தேடுகிறவன். விளக்கை மறுபுறம் வைத்துப் பார்த்தேன். தெருப்பக்க ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். மாற்றமில்லை. மீனும் நேரம் அறியும், பழக்கம் என்று முடிவுசெய்தேன். ஆனால் மேசைக்கு நேரே நிற்பது சில நாள் கொஞ்சமாகவும் சில நாள் நீளமாகவும் இருந்தது. கால்வலி கூடிய நாளில் அவள் அப்படித்தான் நிற்பாள். பழக்கத்துக்கு வலி கூடுமா, குறையுமா? மீன்களுக்காக வைத்திருந்த நாட்குறிப்பில் 'மாலையில் கொடுத்த இரை எடுக்கவில்லை' என்பதை மட்டும் எழுதினேன்.

"அண்ணை, இதுகள் ஆரைப் பாக்குதுகள்?"

"பழக்கம்."

"பழக்கமோ? மச்சாளை இந்தத் தண்ணிதான் பிடிச்சு வைச்சிருக்கு. அவவைப் போக விடுங்கோ."

"ஏலாது," என்றேன்.

அவள் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தொட்டி போனால், மாலையில் மனைவி வந்துவிட்டாள் என்று எனக்குச் சொல்ல அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம் தங்கை வாளிகளைக் கொண்டுவந்து முன்னறையில் அடுக்கினாள்.

"நீங்கள் சொல்லுற மாதிரிப் பழக்கமெண்டா, ஆர் குடுத்தாலும் தின்னுங்கள்தானே? நான் குடுத்துப் பாக்கிறன். என்ரை கையால வாங்கித் திண்டா நாளைக்கு ஊத்திறது. ஓமோ?"

மறுக்க வழியில்லை. "ஓம்," என்றேன்.

விளக்கேற்றிவிட்டுக் கங்குனோடு கதிரையில் போய் அமர்ந்தாள். அவளைப் பயந்தவள் என்று சொல்லமாட்டேன். சின்ன வயதில் என்னைத்தான் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துவாள். மீன்கள் குசினி வாசலைப் பார்த்தன. நகர்ந்தன. மேசைக்கு நேரே நின்றன. அன்று மிக நீண்ட நேரம் நின்றன.

பிறகு கதிரைப் பக்கம் வந்தன. தங்கை கொழுந்தைத் தண்ணீருக்குள் நீட்டினாள். அது மீன்களின் வாயைத் தொட்டும் அவை வாங்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, கதிரைக்குப் பின்னால், ஒருவர் இடத்துக்காகக் காத்து நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்தபடி இருந்தன.

தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. கையை மெல்ல வெளியே எடுத்துச் சேலையில் துடைத்தாள். பக்கவாட்டில் எழுந்து, கதிரையை உரசாமல் விலகி, சுவரோரம் போய் நின்றாள்.

"இருங்கோ மச்சாள்," என்றாள். விருந்தாளிக்குச் சொல்கிற சாதாரணக் குரல்.

மீன்களின் பார்வை கதிரையின் உயரத்துக்குத் தாழ்ந்தது. மிதந்த கங்குனை ஒன்று வந்து கவ்வியது.

தங்கை வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அந்தப் பக்கம் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்:

"நாளைக்குச் சனம் கேட்டா, தொட்டி பழசு, அசைச்சா உடைஞ்சிடும் எண்டு சொல்லுங்கோ. நானும் அப்பிடியே சொல்லுறன்."